நிலநடுக்கப் பட்டியலை வைத்துத் தட்டு எல்லையைப் படிப்பது எப்படி? அந்தமான் முதல் ஜாவா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புவித்தட்டு எல்லைகள் மூன்று வகை: விலகுபவை, குவிபவை, பக்கவாட்டில் உரசுபவை. பத்தாம் வகுப்புப் பிள்ளை கூட இதைச் சொல்லிவிடும். அந்தமானுக்கு மேற்கே கடலடியில் ஓடும் எல்லை எந்த வகை என்று கேளுங்கள். 'குவியும் எல்லை' என்று பதில் வரும். அதே எல்லைக்குச் சில நூறு கிலோமீட்டர் கிழக்கே கடல்தரை விலகிக்கொண்டிருக்கிறதே, மியான்மரில் அதே நகர்வு பக்கவாட்டுப் பிளவாக ஓடுகிறதே, அது ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

காரணம் எளிது. எல்லோரும் வண்ணம் தீட்டிய கோட்டு வரைபடத்திலிருந்து தொடங்குகிறார்கள். கோடு முடிவு, அது எங்கிருந்து வந்தது என்பது அதில் தெரியாது. இங்கே தலைகீழாகப் போகப்போகிறோம். இலவசமாகக் கிடைக்கும் நிலநடுக்கப் பட்டியலையும் ஜி.பி.எஸ். வேகங்களையும் கொண்டு எல்லை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, என்ன வகை என்று நாமே கண்டுபிடிப்போம். ஆசிரியர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், ஆர்வத்தால் வருபவர்களுக்கும் இது பொருந்தும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் விடையைத்தான் உள்ளீடாக எடுத்துக்கொள்கிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

கணினி, இணையம், எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ். கூகுள் எர்த் இருந்தால் வேலை பாதியாகும். கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்தவர்கள் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் கட்டாயமில்லை. புதிதாக வருபவர்கள் மென்பொருள் கற்பதிலேயே களைத்துப்போய்ப் புவியியலுக்கு வந்து சேராமலே நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கில் சைன், கொசைன் இரண்டும் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் போதும். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். டிகிரியை அப்படியே போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தப்பாக வரும்.

2. முதலில் மனதிலிருந்து எடுக்க வேண்டியவை

தட்டு என்பது மேலோடு மட்டும் அல்ல. கடலடி மேலோடு சுமார் 7 கி.மீ., கண்ட மேலோடு சராசரியாக 35 கி.மீ. தடிமன். தட்டோ, மேலோடும் அதன் கீழே கெட்டியாக ஒட்டியிருக்கும் மூடகத்தின் (மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கின்) மேற்பகுதியும் சேர்ந்து சுமார் 100 கி.மீ. வரை. இதைப் பிரித்து அறியாவிட்டால் ஐந்தாம் படியில் 80 கி.மீ. ஆழத்தில் நிலநடுக்கப் புள்ளியைப் பார்த்ததும் குழம்பிப்போவீர்கள்.

தட்டுகள் உருகிய குழம்பின் மேல் மிதக்கவில்லை. கீழே உள்ள மூடகம் திடப்பொருள். வெப்பத்தால் இளகி, மிக மிக மெதுவாக நெளியக்கூடிய திடம். நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்தில் பாயாது; மூடகத்தில் பாய்கின்றன. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

தட்டுகளை நகர்த்துவது கீழிருந்து வரும் 'வெப்பச் சுழற்சியின் தள்ளல்' என்ற படமும் பாதி உண்மைதான். பெரிய பங்கு, அகழியில் (ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் இறங்கும் இடத்துக் கடலடிப் பள்ளத்தில்) அமிழ்ந்துகொண்டிருக்கும் குளிர்ந்த தட்டின் எடைக்கு. மொட்டைமாடிச் சுவரில் போட்ட ஈரப் புடவை ஒரு பக்கம் அதிகம் தொங்கினால் மொத்தமும் அந்தப் பக்கம் வழுகுமே, அதுபோல. அமிழும் விளிம்பு நீளமாக உள்ள பசிபிக், நாஸ்கா போன்ற தட்டுகள் வேகமாக நகர்வதும், அப்படி விளிம்பு அதிகம் இல்லாத ஆப்பிரிக்க, யுரேசியத் தட்டுகள் மெதுவாக நகர்வதும் இதனால்தான்.

3. பட்டியலை இறக்குதல்

அமெரிக்க நில அளவைத் துறையின் (யூ.எஸ்.ஜி.எஸ்.) நிலநடுக்கப் பட்டியல் தேடல் பக்கத்துக்குப் போங்கள். வடக்கு எல்லை 20°, தெற்கு −12°, மேற்கு 88°, கிழக்கு 110°. காலம் 1976 ஜனவரி முதல் இன்று வரை. குறைந்தபட்ச அளவு 5. வெளியீட்டு வடிவமாக சி.எஸ்.வி. தேர்ந்தெடுங்கள்.

ஏன் 1976? ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் பிளவு எந்த வகையில் நகர்ந்தது என்று சொல்லும், எட்டாம் படியில் பயன்படுத்தப்போகும் உலகளாவிய இயக்கமுறைப் பட்டியல் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஏன் 5? அதற்குக் கீழே உள்ளவற்றில் ஆழக் கணிப்பு தளர்வாக இருக்கும். தவிர, ஒரே தேடலில் 20,000 பதிவுகளுக்கு மேல் கிடைக்காது. பேராசைப்பட்டு 4-க்கு இறங்கினால் தேடலைத் துண்டு துண்டாக நடத்த வேண்டிவரும்.

இறக்கியதும் 2004 டிசம்பர் 26-க்கு முன், பின் என இரண்டு தாள்களாகப் பிரித்துவிடுங்கள். அன்றைய 9.1 நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகள் மட்டுமே பெருமளவில் குவிந்து, மற்ற இடங்களில் உள்ள அமைப்பை மறைத்துவிடும். முதல் தாளில் பழக்கமான ஓட்டம் தெரியும், இரண்டாவதில் உடைந்த பகுதி தெரியும். இரண்டும் வேண்டும், கலந்து வேண்டாம்.

நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 2004 நிகழ்வு பட்டியலில் 00:58:53 என்று இருக்கும். இந்திய நேரப்படி காலை 6:28. இரவு நேர நிகழ்வுகளில் தேதியே மாறும் என்பதால், செய்தித்தாளோடு ஒப்பிடும்போது 5:30 கூட்ட மறக்காதீர்கள். செய்தியில் 'ரிக்டர் அளவு' என்று போடுவார்கள். பட்டியலில் பெரிய நிகழ்வுகளுக்கு இருப்பது உந்தத்திறன் அளவு. எண்கள் சற்றே மாறுபட்டால் பதற வேண்டாம்.

4. புள்ளி வைத்தல்

எக்செலில் சிதறல் வரைபடம் போடுங்கள். கிடையச்சில் தீர்க்கரேகை, நேரச்சில் அட்சரேகை. பட்டியலில் அட்சரேகை முதலில் வருவதால் மென்பொருள் அதையே கிடையச்சுக்குக் கொண்டுபோகும். அப்போது சுமத்ரா கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிப் படுத்துவிடும். தெரியாத இடத்தை வரைபவர்களுக்கு இது கடைசிவரை பிடிபடாது. அதனால்தான் முதல் பயிற்சிக்குத் தெரிந்த நிலப்பரப்பை எடுக்கச் சொல்கிறேன்.

ஆழத்தை வைத்து நிறம் கொடுங்கள்: 0 முதல் 70 கி.மீ. வரை ஒன்று, 70 முதல் 300 வரை ஒன்று, 300-க்கு மேல் ஒன்று. உலகெங்கும் பயன்படும் பிரிவு இதுதான்.

இப்போது பார்த்தால், மியான்மரிலிருந்து அந்தமான், நிக்கோபார், சுமத்ரா, ஜாவா என்று வில்லாக ஒரு பட்டை. அதில் ஒரு ஒழுங்கு இருக்கும். ஆழம் குறைந்த புள்ளிகள் வெளிப்புறம், அதாவது இந்தியப் பெருங்கடல் பக்கம். ஆழம் கூடியவை உட்புறம், தீவுகளின் பக்கம். எந்தப் பக்கம் போகப் போக ஆழம் கூடுகிறதோ அந்தப் பக்கம்தான் தட்டு சாய்ந்து அமிழ்கிறது. எந்தத் தட்டு மேலே, எது கீழே என்ற கேள்விக்கு மனப்பாடம் இனித் தேவையில்லை.

பட்டைக்கு வெளியே, அந்தமான் கடலுக்கு நடுவே 10°–11° வடக்கில் ஆழமற்ற புள்ளிகளின் தனிக் கூட்டம் ஒன்று தெரியும். அதை இப்போதைக்கு வட்டமிட்டு வைத்துவிட்டு நகருங்கள். ஏழாம் படியில் தேவைப்படும்.

5. வெட்டுமுகம்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். அவசரப்படாதீர்கள்.

நோக்கம்: அகழிக்குக் குறுக்கே பூமியைக் கத்தியால் அறுத்துப் பக்கவாட்டில் பார்ப்பது. கிடையச்சில் அகழியிலிருந்து தூரம், நேரச்சில் கீழ்நோக்கி ஆழம்.

கூகுள் எர்த்தில் கடலடித் தரையைப் பார்த்தால் சுமத்ராவுக்கு மேற்கே கருநீலப் பள்ளமாக சுண்டா அகழி தெரியும். அதன் அடியாழக் கோட்டில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். மத்திய சுமத்ராவின் பாடாங் நகருக்கு நேர் எதிரே, கணக்குக்காக 98.3° கிழக்கு, 2.3° தெற்கு என்று வைத்துக்கொள்வோம். அகழி அங்கே வடமேற்கு–தென்கிழக்காக ஓடுவதால், அதற்குச் செங்குத்தான திசை வடகிழக்கு. வடக்கிலிருந்து 50° என்று கொள்வோம்.

ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் நான்கு நெடுவரிசைகள்:

கிழக்குத் தூரம் = (தீர்க்கரேகை − 98.3) × 111 × கொசைன்(அட்சரேகை)

வடக்குத் தூரம் = (அட்சரேகை + 2.3) × 111

அகழியிலிருந்து தூரம் = கிழக்குத் தூரம் × சைன் 50° + வடக்குத் தூரம் × கொசைன் 50°

கோட்டிலிருந்து விலகல் = கிழக்குத் தூரம் × கொசைன் 50° − வடக்குத் தூரம் × சைன் 50°

ஒன்றைக் கையால் போட்டுச் சரிபார்ப்போம். 2009 செப்டம்பர் 30 பாடாங் நிலநடுக்கம், அளவு 7.6. மேல்மையம் 99.87° கிழக்கு, 0.72° தெற்கு, ஆழம் 81 கி.மீ. கிழக்குத் தூரம் 174, வடக்குத் தூரம் 175. அகழியிலிருந்து தூரம் 246 கி.மீ., விலகல் −22 கி.மீ. உங்கள் தாளில் இதே எண்கள் ஓரிரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் வந்தால் சூத்திரம் சரி. வராவிட்டால் பெரும்பாலும் ரேடியன்தான் காரணம்.

விலகல் −75 முதல் +75 கி.மீ. வரை உள்ள புள்ளிகளை மட்டும் எடுத்து வரையுங்கள். ஏன் அகலத்தைக் குறுக்க வேண்டும்? அகழி வளைந்து ஓடுகிறது. அகலமாக எடுத்தால் வெவ்வேறு இடத்துச் சாய்வுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கோடு தடித்த மேகமாகிவிடும். கோட்டைச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாக வைத்தாலும் சிக்கல்: தட்டு உண்மையில் சாய்வதைவிடக் குறைவாகச் சாய்வதுபோல் காட்டும்.

இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். எக்செல் படத்தை அழகுக்காக இழுத்துவிடும். 18° சாய்வு 50° போல் நிற்கும். பாடநூல் படங்களில் தட்டு செங்குத்தாகப் பாய்வதுபோல் தெரிவதற்கு இந்த நீட்டல்தான் காரணம். நம் எடுத்துக்காட்டில் 246 கி.மீ. போக 81 கி.மீ. இறங்குகிறது, சராசரிச் சாய்வு 18° தான். அகழிக்கு அருகில் அது இன்னும் தட்டை; உள்ளே போகப் போகச் செங்குத்தாகும்.

படத்தில் 10 கி.மீ., 33 கி.மீ., 35 கி.மீ. ஆழங்களில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் கிடைக்கோடுகள் தெரியும். 'இங்கே ஓர் அடுக்கு இருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். ஆழத்தைக் கணிக்கப் போதிய தரவு இல்லாதபோது கணிப்பாளர்கள் இயல்பு மதிப்பாக வைத்துவிடும் எண்கள் அவை. வடிகட்டி நீக்கிவிட்டால் தட்டின் சாய்வு பளிச்சென்று எழும்.

இதே வேலையை ஜாவாவுக்கும் செய்து பாருங்கள். சுமத்ராவுக்கு அடியில் 200 கி.மீ.க்குக் கீழே புள்ளிகள் அரிது. ஜாவாவுக்கு அடியில் 600 கி.மீ.யைத் தாண்டுகின்றன. ஜாவாவில் அமிழும் கடல்தரை பழையது, 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. குளிர்ந்து கனத்தது, வெகு ஆழம் வரை இறுக்கம் குலையாமல் போகிறது. சுமத்ராவின் பக்கம் அமிழும் தரை இளையது, சூடானது; சீக்கிரம் இளகி உடையும் தன்மையை இழக்கிறது.

எரிமலைகளின் இடத்தையும் அதே படத்தில் குறியுங்கள். அமிழும் தட்டு ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தை எட்டும் இடத்துக்கு நேர் மேலே அவை வரிசையாக நிற்கும். தட்டோடு இறங்கிய நீர் அந்த ஆழத்தில் பிரிந்து மேலேறி, மேலுள்ள மூடகப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. 'தட்டு உருகி எரிமலையாகிறது' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் பெரும்பகுதி உருகுவது மேலே உள்ள மூடகம்தான். இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலையான பாரன் தீவு இந்த வரிசையில் வருவது. 1991-இல் மீண்டும் கக்கத் தொடங்கியது.

6. சார்பு வேகம்

இதுவரை எல்லை எங்கே, எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிந்தது. இனி எவ்வளவு வேகம், எந்தத் திசை.

நெவாடா பல்கலைக்கழகத்தின் புவி அளவை ஆய்வகம் உலகெங்கும் உள்ள ஜி.பி.எஸ். நிலையங்களின் வேகத்தை இலவசமாகத் தருகிறது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழக நிலையத்தைப் பாருங்கள். கிழக்கே ஆண்டுக்கு 4 செ.மீ.க்குச் சற்று மேல், வடக்கே 3.5 செ.மீ. அளவில். இரண்டையும் சேர்த்தால் வடகிழக்காக 5 செ.மீ.க்கு மேல்.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'இந்தியத் தட்டு சுமத்ராவை ஆண்டுக்கு 5 செ.மீ. மோதுகிறது' என்று எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அது உலகச் சட்டகத்தில், அதாவது பூமி முழுமைக்கும் பொதுவான அளவீட்டு அடிப்படையில், இந்தியாவின் வேகம். எதிர்ப்பக்கமும் சும்மா நிற்கவில்லை. சிங்கப்பூர் நிலையமும் கிழக்கே 2 முதல் 3 செ.மீ. போகிறது; வடக்கு நோக்கி ஏதும் இல்லை. எல்லைக்குத் தேவைப்படுவது இரண்டின் வித்தியாசம். கிழக்கு எண்ணிலிருந்து கிழக்கு எண்ணை, வடக்கிலிருந்து வடக்கைக் கழியுங்கள். கிழக்குப் பகுதி பெருமளவு அடிபட்டுப்போய், மிஞ்சுவது வடக்கு–வடகிழக்கு நோக்கிய நகர்வு.

இரண்டு எச்சரிக்கைகள். சிங்கப்பூர் நிலையத்தின் வரைபடத்தில் 2004 டிசம்பரில் ஒரு தாவலும் அதன்பின் வளைவும் இருக்கும். அதற்கு முந்தைய நேர்க்கோட்டுப் பகுதியின் வேகத்தையே எடுங்கள். அடுத்து, தட்டுகள் கோளத்தின் மேல் ஒரு துருவத்தைச் சுற்றிச் சுழல்கின்றன. ஒரே தட்டு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வேகத்தில் போகும். ஆகவே பெங்களூர், சிங்கப்பூர் எண்கள் அகழியில் அப்படியே பொருந்தாது. எர்த்ஸ்கோப் தளத்தின் தட்டு நகர்வுக் கணிப்பானில் அகழிப் புள்ளியின் அட்ச, தீர்க்கரேகைகளைக் கொடுத்து, நிலைத்தட்டாக (நகராததாகக் கொள்ளும் தட்டாக) சிங்கப்பூர் அமர்ந்திருக்கும் சுண்டாத் தட்டைத் தேர்ந்தால் அந்த இடத்துக்குரிய எண் கிடைக்கும். அப்படியானால் கையால் கழிப்பது எதற்கு? கணிப்பான் தரும் எண்ணின் பொருள் புரிவதற்கு. கழிக்காமல் நேரே கணிப்பானுக்குப் போனவர்கள் நிலைத்தட்டை மாற்றிப் போட்டுத் திசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

7. கோணம்: வகையைத் தீர்மானிப்பது இதுதான்

ஒரே தட்டு, ஏறத்தாழ ஒரே திசை. ஆனால் எல்லைக்கோடு வளைகிறது. எனவே கோட்டுக்கும் நகர்வுத் திசைக்கும் உள்ள கோணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. எல்லையின் வகை அந்தக் கோணத்தில் இருக்கிறது, கோட்டின் பெயரில் இல்லை.

வேகத்தை இரண்டாக உடையுங்கள். கோட்டுக்குச் செங்குத்தான பங்கு = வேகம் × சைன்(கோணம்). கோட்டோடு இணையான பங்கு = வேகம் × கொசைன்(கோணம்). பழகுவதற்காக முழு எண்களாகச் சுருக்கி எடுத்துக்கொள்வோம்.

ஜாவா: அகழி கிட்டத்தட்ட கிழக்கு–மேற்கு. வேகம் 65 மி.மீ., கோணம் 85°. செங்குத்துப் பங்கு 65, இணைப் பங்கு 6. நேருக்கு நேர் மோதல்.

வட சுமத்ரா: அகழி வடமேற்காகத் திரும்புகிறது. வேகம் 50 மி.மீ., கோணம் 50°. செங்குத்துப் பங்கு 38, இணைப் பங்கு 32.

அந்தமான்: அகழி ஏறத்தாழ வடக்கு–தெற்கு. வேகம் 38 மி.மீ., கோணம் 10°. செங்குத்துப் பங்கு 7, இணைப் பங்கு 37.

வட சுமத்ராவின் அந்த 32 மி.மீ. எங்கே போகிறது? சாய்ந்து கிடக்கும் அகழிப் பிளவு செங்குத்துப் பங்கை எளிதாக வாங்கிக்கொள்ளும். இணைப் பங்கில் பெரும்பகுதி தனக்கெனத் தனிப் பிளவு ஒன்றை வெட்டிக்கொள்கிறது. அதுதான் பாரிசான் மலைத்தொடர் நெடுக 1,900 கி.மீ. ஓடும் சுமத்ராப் பிளவு. செயற்கைக்கோள் படத்தில் தோபா ஏரிக்கு அருகே பார்த்தால் மலைகளுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல் பள்ளத்தாக்கு தெரியும். அகழிக்கும் இந்தப் பிளவுக்கும் நடுவில் சிக்கிய நீண்ட சில்லு, இரு பெருந்தட்டுகளோடும் சேராமல் வடமேற்காக நழுவுகிறது. வடக்கே அதற்குப் பர்மா சிறுதட்டு என்று பெயர். அந்தமான் தீவுகள் உட்கார்ந்திருப்பது இதன் மேல்தான்.

இப்போது நான்காம் படியில் வட்டமிட்டு வைத்த கூட்டத்துக்கு வாருங்கள். சுமத்ராப் பிளவு கடலுக்குள் போய் முடிகிறது. மியான்மரின் சாகைங் பிளவு அதற்குக் கிழக்கே தள்ளித் தொடங்குகிறது. இரண்டும் வலப்பக்கப் பிளவுகள். கோட்டின் ஒரு பக்கம் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கம் வலப்புறம் நகரும். இப்படி நகரும்போது இரண்டையும் இணைக்கும் படிக்கட்டு போன்ற இடைவெளி இழுபட்டுத் திறந்தாக வேண்டும். திறந்த இடத்தில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறிப் புதுக் கடல்தரை உருவாகிறது. சுமார் 40 லட்சம் ஆண்டுகளாக அந்தமான் கடல் இப்படி விரிந்துவருகிறது. குவியும் எல்லைக்குப் பின்னால் விலகும் எல்லை எப்படி என்ற கேள்விக்கு இதுதான் விடை.

அந்தமானின் 7 மி.மீ.யைப் பார்த்து 'அப்படியானால் அங்கே பெரிய அமிழ்வே இல்லை' என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. கணக்கு தப்பில்லை, எடுத்த தட்டு தப்பு. அகழியில் இந்தியத் தட்டுக்கு எதிரே நிற்பது சுண்டா அல்ல, பர்மா சிறுதட்டு. பின்னால் கடல் விரிவதால் அந்தச் சிறுதட்டு அகழியை நோக்கியும் தள்ளப்படுகிறது. அகழியில் உண்மையான நெருக்கம் 7-ஐ விடக் கூடுதல். 2004-இல் உடைப்பு அந்தமான் வரை 1,300 கி.மீ. ஓடியது இந்த எல்லையில்தான்.

மியான்மரில் மொத்த நகர்வு ஆண்டுக்குச் சுமார் 35 மி.மீ. அதில் ஏறக்குறைய பாதி, 18 மி.மீ., சாகைங் பிளவின் வழியே போகிறது. 2025 மார்ச் 28 அன்று மண்டலே அருகே 7.7 அளவில் உடைந்தது இந்தப் பிளவு.

8. இயக்கமுறைப் படத்தால் சரிபார்த்தல்

கோணத்தால் வந்த முடிவு சரியா என்று ஒவ்வொரு நிலநடுக்கத்தின் இயக்கமுறைப் படத்தோடு ஒப்பிடுங்கள். நிகழ்வின் பக்கத்தில் 'பீச் பால்' என்று சொல்லப்படும் கறுப்பு–வெள்ளை வட்டம் இருக்கும். நடுவில் கறுப்பு என்றால் நெருக்கம். நடுவில் வெள்ளை என்றால் விலகல். கூட்டல் குறியிட்டதுபோல் நான்கு கால்பகுதிகளாகக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தால் பக்கவாட்டு நகர்வு.

2004 நிகழ்வின் படத்தைத் திறந்தவுடன் பலர் திகைப்பார்கள். நடுவில் கறுப்புக் கண் இருக்காது. வடகிழக்குப் பாதி கறுப்பு, தென்மேற்குப் பாதி வெள்ளை என்று கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்திருக்கும். பிளவுத்தளம் வெறும் 8° சாய்வில் படுத்திருப்பதால் வட்டம் அப்படித் தெரிகிறது. நிறத்தில் சந்தேகம் வந்தால் எண்களைப் பாருங்கள். நழுவுகோணம் (பிளவுத்தளத்தில் பாறை நழுவிய திசையின் கோணம்) 90°-க்கு அருகில் என்றால் நெருக்கம், −90° விலகல், 0° இடப்பக்கம், 180° வலப்பக்கம். அந்த நிகழ்வுக்கு 110°.

ஒவ்வொரு படமும் இரண்டு தளங்களைத் தரும். உடைந்தது அதில் ஒன்றுதான். எது என்று படம் சொல்லாது. ஐந்தாம் படியில் வரைந்த வெட்டுமுகத்தின் சாய்வோடு எது ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள். இந்தப் படி கடைசிக்குப் பக்கத்தில் வருவதற்குக் காரணமே அதுதான்.

பட்டையின் உள்ளே ஒத்துப்போகாத படங்களும் வரும். பாடாங் 2009-ஐ எடுத்தால், 81 கி.மீ. ஆழத்தில் அமிழ்ந்துவிட்ட தட்டுக்கு உள்ளேயே உடைந்தது அது. இரு தட்டுகளும் உரசும் பரப்பில் அல்ல. எனவே அதன் படத்தை எல்லையின் வகைக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது. 50 கி.மீ.க்குக் குறைவான ஆழத்தில் உள்ளவற்றை மட்டும் எல்லைக்குச் சாட்சியாக்குவது என் பழக்கம்.

9. தரையில் சாட்சி

தட்டுகள் நாள்தோறும் வழுக்கிக்கொண்டு போவதில்லை. உரசும் பரப்பு பூட்டிக்கொள்கிறது. மேல்தட்டின் விளிம்பு கீழ்த்தட்டோடு சேர்ந்து மெல்ல இழுபட்டு வளைகிறது. உடையும்போது மொத்தமாக மீள்கிறது. 2004-இல் அந்தமானின் மேற்குக் கரையில் பவளத்திட்டுகள் நீருக்கு மேலே எழுந்து காய்ந்தன. அதேசமயம் போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அகழிக்கு அருகே உயர்வு, உட்புறம் தாழ்வு. பூட்டிய தட்டு விடுபட்டதன் அடையாளம் இதுதான்.

இங்கே ஒரு வகுத்தல் செய்ய எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சில இடங்களில் 15 மீட்டர் நழுவியது. ஆண்டுக்கு 38 மி.மீ. சேர்கிறது; 15,000 ÷ 38 = சுமார் 395 ஆண்டுகள். எனவே அடுத்தது 2400-இல் என்று முடிவுகட்டக் கூடாது. நழுவல் இடத்துக்கு இடம் வேறு, பூட்டு முழுமையாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பகுதி உடைந்தால் பக்கத்துப் பகுதியின் சுமை மாறும். 2004 முடிந்த மூன்றே மாதத்தில், 2005 மார்ச் 28 அன்று, தெற்கே நியாஸ் பகுதி 8.6 அளவில் உடைந்தது. அந்த வகுத்தல் சேர்ந்திருக்கும் இழுவையின் அளவை உணரத்தான். நாள் குறிக்க உதவாது.

10. எல்லையில் விழாத புள்ளிகள்

உங்கள் வரைபடத்தில் அகழிக்கு மேற்கே, கடலுக்கு நடுவில் 2012 ஏப்ரல் 11 தேதியிட்ட இரண்டு பெரிய புள்ளிகள் இருக்கும்: 8.6, 8.2. எல்லைக்கோட்டை அவற்றின் வழியே வளைத்து வரையாதீர்கள். இயக்கமுறைப் படத்தைத் திறந்தால் தூய பக்கவாட்டு நகர்வு. தட்டின் உள்ளேயே உடைந்தவை அவை. இந்தியத் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தாலும், நடுவில் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு நசுங்கி நெளிகின்றன. கோடாக வரைய முடியாத எல்லை.

அன்று சென்னையிலும் அதிர்வு உணரப்பட்டது. கடலோரத்தில் சுனாமி எச்சரிக்கை ஒலித்தது. பெரிய அலை வரவில்லை. கடல்தரை பக்கவாட்டில் நகர்ந்தால் நீர்த்தம்பம் அதிகம் உயராது. 2004-இல் போல் தரை மேலே எழுந்தால்தான் அலை பெரிதாகும். அளவு எண்ணை மட்டும் வைத்து சுனாமியை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்; வகுப்பில் வேறு விளக்கமே தேவைப்படாது.

11. அடுத்து எங்கே பழகலாம்

விலகும் எல்லைக்கு நடு அட்லாண்டிக் முகடு நல்லது. புள்ளிகள் எல்லாம் ஆழமற்றவை, வெட்டுமுகத்தில் சாய்வே இருக்காது. முகட்டின் துண்டுகளில் விலகல் படங்களும், துண்டுகளை இணைக்கும் குறுக்குப் பிளவுகளில் பக்கவாட்டுப் படங்களும் மாறி மாறி வரும். குறுக்குப் பிளவில் நகர்வின் திசையைப் படம் பார்ப்பதற்கு முன் ஊகித்து எழுதிவைத்து, பிறகு பாருங்கள். முகட்டுத் துண்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதை வைத்து ஊகித்தால் விடை நேர் எதிராக வரும். தரை முகட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை வைத்து ஊகிக்க வேண்டும்.

இமயமலையைக் கடைசியாக எடுங்கள். கண்டத்தோடு கண்டம் மோதும் இடம் அது. இந்தியக் கண்ட மேலோடு லேசானது என்பதால் கடல்தரைபோல் அமிழ மறுக்கிறது. நேபாளத்துக்கு அடியில் ஆழமான சாய்ந்த பட்டையைத் தேடினால் கிடைக்காது. புள்ளிகள் பெரும்பாலும் ஆழமற்று, வடக்கே திபெத் முழுக்கச் சிதறும். மேற்கே இந்துகுஷ் பகுதியில் மட்டும் 200 கி.மீ. ஆழத்தில் ஒரு கொத்து தனியே நிற்கும். டெல்லியில் மின்விசிறிகள் ஆடும்போது பல தடவை காரணம் அந்தக் கொத்துதான். அதற்கு வெட்டுமுகம் போடும்போது எந்தத் திசையில் கோடு வைப்பது என்று முன்கூட்டித் தெரியாது, ஏனென்றால் அங்கே அகழி இல்லை. 30°, 30° ஆகத் திருப்பித் திருப்பி வரைந்து, புள்ளிகள் மிக மெல்லிய பட்டையாக ஒடுங்கும் திசையை எடுத்துக்கொள்ளுங்கள்.